எதுக்காவது ஆகும்

கதவைத் திறந்து பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்: "கொழுந்தை இப்படி அமுக்கி வச்சா, எடை போடுறவன் சாக்கோட திருப்பி அனுப்பிருவான்டி."

அவள் பார்த்தது கொழுந்தை அல்ல, என் காகிதங்களை. நீலகிரியில் சேரங்கோட்டில், ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தின் பின்புறம், தகரம் போட்ட எட்டுக்குப் பத்தடிச் சாய்ப்பு அது. பதினைந்து வருடமாக என் பட்டறை. வாழ்த்து அட்டை, காகித ஜிமிக்கி, சீர்த்தட்டு அலங்காரம், பள்ளிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், கடைகளுக்குக் காகிதப் பை எல்லாம் அங்கிருந்துதான் போயின. 2021 கடைசியில் அம்மா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். ஓய்வு பெற்றால் லயத்து வீட்டை விட்டுவிட வேண்டும். பஜாரை ஒட்டி நாங்கள் பிடித்த வீட்டில் இரண்டே அறைதான், சாய்ப்பு கிடையாது. என் பட்டறை மொத்தமும் ஒரு கட்டிலுக்கு அடியில் அடங்கியாக வேண்டும். கையில் இருந்தது பத்து நாள்.

அம்மா சொன்ன கணக்கு தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். பறித்த தேயிலைக் கொழுந்து அன்றைக்கே ஃபேக்டரி போக வேண்டும். சாக்கில் அமுக்கி அடைத்தால் உள்ளுக்குள்ளே சூடேறிச் சிவந்துபோகும். அப்புறம் எந்த மெஷினில் போட்டாலும் அது நல்ல தூள் ஆகாது. கையில் நிறைய இருக்கிறதே என்று சந்தோஷப்பட முடியாத சரக்கு கொழுந்து. காகிதமும் அப்படித்தான் என்பது எனக்குப் புரியப் பதினைந்து வருடம் ஆனது.

நான் இந்த வேலைக்கு வந்தது பிளாஸ்டிக்கால். நீலகிரியில் 2000 வாக்கில் சுப்ரியா சாஹு கலெக்டராக இருந்தபோதே பிளாஸ்டிக் பைகளுக்கு எதிரான இயக்கம் தொடங்கிவிட்டது. மற்ற ஊர்க்காரர்கள் கேரி பேக்கை வீசி நடந்த காலத்தில் எங்கள் மாவட்டக் கடைக்காரர்கள் காகிதக் கவர் தேடினார்கள். 2006-இல் மகளிர் சுய உதவிக் குழுவில் பை ஒட்டும் பயிற்சி என்றார்கள். போனேன். பழைய நாளிதழைக் கிலோக் கணக்கில் வாங்கி, மடித்து, ஒட்டி, நூறு நூறாகக் கட்ட வேண்டும். பசைக்கு மைதாவைக் கிண்டி, பூச்சி வராமல் இருக்கத் துளி மயில்துத்தம் போடுவோம். பழைய பைண்டிங் கடைக்காரர்களின் முறை அது. ஆனால் தின்னும் பண்டம் வைக்கிற பைக்கு மயில்துத்தம் கூடாது, அது விஷம். அதனால் பசையை அன்றன்றைக்குத் தேவையான அளவே கிண்டினோம். இந்தப் பக்கம் யானை பயம் வேறு. அரிசி, மாவு வாசனைக்குச் சுவரையே தள்ளிவிட்டு வரும் என்பதால் மைதாவை வீட்டில் கூடுதலாக வைக்கவே அம்மா விடமாட்டாள். பசை விஷயத்தில் நான் ஒழுங்காக இருந்ததற்கு யானைதான் காரணம். காகிதத்துக்கு அப்படிக் காவல் யாரும் இல்லை.

கவரிலிருந்து குயில்லிங்குக்குப் போனேன். மெல்லிய காகித நாடாவை, நுனி பிளந்த ஊசியில் செருகிச் சுருட்டிச் சுருட்டிப் பூவும் இலையும் ஆக்குகிற வேலை. அட்டையில் ஒட்ட மூன்று மில்லிமீட்டர் நாடா, ஜிமிக்கிக்கு ஐந்து மில்லிமீட்டர். நாலைந்து நாடாவை ஒன்றோடொன்று ஒட்டி இறுக்கமாகச் சுருட்டினால் ஒரு ரூபாய்க் காசு மாதிரி தட்டையாக வரும். அதை அச்சில் வைத்து மெல்ல அமுக்கினால் குடையாக எழும்பும். உள்பக்கம் பசை தடவிக் காயவிட்டு, மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் பூச வேண்டும். கேட்பதற்கு எளிது. எங்கள் ஊர் ஜூலையில் செய்து பார்த்தால்தான் தெரியும். பசை காய்வதற்குள் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்து, எழுப்பி வைத்த குடை ராத்திரியோடு ராத்திரியாகத் தட்டையாகிவிடும்.

கூடவே வாங்குகிற பழக்கமும் வந்தது. சுல்தான் பத்தேரிக்குப் போனால் இரண்டு பாக்கெட் நாடா. கூடலூர் போனால் கிளேஸ் பேப்பர் ஒரு குயர். கோவைக்குக் கல்யாணத்துக்குப் போனால்கூட டவுன்ஹால் பக்கம் ஒரு நடை. வெல்வெட் பேப்பர், கிரேப் பேப்பர், ஜிகினாத் தாள், வடிவம் வெட்டும் பஞ்ச். வந்த கல்யாணப் பத்திரிகைகளைக்கூட விட்டதில்லை. தங்க எழுத்து, புடைத்த பிள்ளையார், வழுவழு அட்டை எல்லாவற்றையும் வெட்டி வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் மனசு ஒரே மந்திரத்தைத்தான் சொன்னது: இருக்கட்டும், எதுக்காவது ஆகும்.

தமிழ் வீடுகளில் பாதிச் சாமான் இந்த மூன்று சொல்லின் பேரில்தான் குந்தியிருக்கிறது. என் தொழிலில் அது இன்னும் ஆபத்து. தையல்காரர் துண்டுத்துணியைச் சேர்த்தால் பார்க்கிறவர்களுக்குக் குப்பை என்று தெரியும். காகிதம் சேர்த்தால் கலை என்று நமக்கே தோன்றிவிடும்.

2019 ஜனவரி 1 அன்று தமிழ்நாடு முழுக்க, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பதினான்கு வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. அதுவரை நீலகிரி மட்டும் தேடிய காகிதப் பையை மாநிலமே தேட ஆரம்பித்தது. பிரவுன் பேப்பர் விலை ஏறும் என்றார்கள். இருந்த சேமிப்பையெல்லாம் போட்டு ரீம் ரீமாக வாங்கி, சாய்ப்பில் சுவரோரம் கூரை வரைக்கும் அடுக்கினேன். அந்த அடுக்கைப் பார்க்கும்போது எனக்கு நகைக்கடை வைத்திருக்கிற மாதிரி இருந்தது.

அந்த வருடம் ஆகஸ்ட் மழையை நீலகிரியில் யாரும் மறக்க மாட்டார்கள். அவலாஞ்சியில் ஒரே நாளில் எண்பது சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. எங்கள் பந்தலூர் பக்கம் மழைக்குப் புதிதல்ல, தேவாலாவைத் தென்னாட்டுச் சிரபுஞ்சி என்றே சொல்வார்கள். ஆனாலும் அந்த மழை வேறு மாதிரி. தகரம் ஒழுகவே இல்லை, ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. பத்து நாள் கழித்து அடுக்கைப் பிரித்தால், சுவரை ஒட்டியிருந்த கட்டுகள் எல்லாம் அலை அலையாக நெளிந்து, ஓரத்தில் சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

நனையாத காகிதம் எப்படி நனைந்தது? காகிதம் காற்றிலிருந்தே தண்ணீர் குடிக்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபத்தைந்தைத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்கு வேறு அழைப்பு வேண்டியதில்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை எங்கள் ஊர்க் காற்று பெரும்பாலும் அதற்கு மேலேதான் நிற்கும். தேயிலைத் தூளும் இப்படித்தான். ஃபேக்டரியில் சுமார் மூன்று சதவீத ஈரத்துக்கு வறட்டி எடுத்த தூளை, திறந்து வைத்தால் நமுத்துப்போகும் என்று உடனே உள்ளே தகடு ஒட்டிய சாக்கில் அடைப்பார்கள். தேயிலை ஊரில் பிறந்து, தூளுக்கு நடக்கிற உபசாரத்தைப் பார்த்தே வளர்ந்தவள், காகிதத்தை மண் சுவரில் சாய்த்து வைத்தேன்.

அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெளிந்ததை நிமிர்த்தலாம், கறை பட்ட ஓரத்தை வெட்டிவிட்டால் நடுத்தாள் எதுக்காவது ஆகும் என்று மறுபடி அடுக்கினேன்.

ஆக, வீடு மாறக் கையில் இருந்த அந்தப் பத்து நாள்.

ஃபேக்டரியில் தூளைச் சலிக்கும்போது ஒரே சல்லடையில் சலிப்பதில்லை. பெருங்கண், நடுக்கண், சிறுகண் என்று அடுக்காக வைத்துப் பிரிப்பார்கள். நானும் மூன்று சல்லடை வைத்துக்கொண்டேன்.

முதல் சல்லடை காதும் மூக்கும். தாளை ஒரு மூலையில் பிடித்து உதறினால் நல்ல தாள் சடசடக்கும். ஈரம் குடித்த தாள் பழைய வேட்டி மாதிரி ஊமையாகத் தொங்கும். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணம் மூக்குக்குத் தெரியும். பிறகு ராமபாணப் பூச்சி. வெள்ளி மினுக்கத்தோடு ஓடுகிற அந்தச் சின்னப் பூச்சிக்குக் காகிதத்தில் இருக்கிற கஞ்சியும் ஒட்டுகிற பசையும்தான் சாப்பாடு. அது மேய்ந்த தாளை வெளிச்சத்தில் பிடித்தால் மேல்தோல் சுரண்டியது போலத் தெரியும். பூஞ்சணம் பிடித்ததை நல்ல தாளோடு சேர்த்து வைப்பது அழுகிய தக்காளியைக் கூடையில் விடுவதற்குச் சமம். இரண்டு நாளில் அடுக்கில் பாதிக்கு மேல் இந்த ஒரு சல்லடையிலேயே கழிந்தது. நான் விலை அதிகம் கொடுத்து, நல்ல ஆர்டருக்கு ஆகட்டும் என்று தொடாமல் வைத்த தாள்கள்தான் அதில் முக்கால்வாசி. அன்றாடம் எடுத்துப் புழங்கிய மலிவுத் தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கை பட்டுக் காற்றாடிக்கொண்டே இருந்ததால் தப்பித்துவிட்டது.

இரண்டாம் சல்லடை, கடைசியாகக் கை போன தேதி. இதில் கருவிகள் மாட்டின. கத்தரிக்கோல் பதினேழு. நான் நிஜமாக எடுப்பது மூன்று. பஞ்ச் இருபத்து மூன்று. வட்டமும் இலையும் தவிர மற்ற இருபத்தொன்றும் வாங்கிய அன்று ஒரு தடவை அமுக்கிப் பார்த்ததோடு சரி. பெவிகால் டப்பாக்களில் பாதி கட்டியாக இறுகியிருந்தது. இறுகிய பெவிகாலுக்குத் தண்ணீர் ஊற்றி உயிர் கொடுக்க முடியாது. பிரிக்காத நாடா பாக்கெட்டுகளில் வெளிச்சம் பட்ட பக்கம் சிவப்பு ரோஸாகியிருந்தது. பிரித்து அடுக்கியபோதுதான், ஒரே பச்சையை எட்டு முறை வாங்கியிருப்பது தெரிந்தது. எங்கே வைத்தோம் என்று தேடுவதைவிட வாங்குவது சுலபமாக இருந்திருக்கிறது.

இங்கே ஓர் ஆங்கிலேயப் பாட்டியைச் சொல்ல வேண்டும். மேரி டிலேனி என்று பெயர். 1772-இல், எழுபது கடந்த வயதில், வண்ணக் காகிதத்தைச் செடியின் இதழ் இதழாக வெட்டிக் கறுப்புத் தாளில் ஒட்ட ஆரம்பித்தார். பத்து வருடத்தில், கண்பார்வை மங்கி நிறுத்தும் வரை, தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட மலர்ச் செடிகள். இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவரிடம் இருந்ததெல்லாம் காகிதம், கத்தரி, பசை, கொஞ்சம் வண்ணம். ஜப்பானியரின் ஓரிகாமிக்கு அதுகூட வேண்டாம், சதுரத் தாள் ஒன்றும் பத்து விரலும் போதும். என்னிடம் பதினேழு கத்தரிக்கோல். என் வேலையில் எது நன்றாக வந்ததோ அது இவற்றால் வரவில்லை என்பது அன்று தரையில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது.

மூன்றாம் சல்லடைதான் சிறுகண். எடுக்க மறந்துபோன ஆர்டர்கள், பாதியில் நின்ற மயில், முதல் முறை குடை எழும்பிய கோணல் ஜிமிக்கி, படிக்க வந்த பிள்ளைகள் 'சேச்சிக்கு' என்று மலையாளத்திலும் 'அக்காவுக்கு' என்று தமிழிலும் எழுதித் தந்த அட்டைகள். எங்கள் ஊர் எல்லை ஊர், இரண்டு மொழியும் ஒரே தெருவில் நடக்கும். இதற்கு விதி எதுவும் ஒத்துவரவில்லை. ஒரு பிஸ்கட் டின்னை முன்னால் வைத்தேன். மூடி மூடுகிற வரைக்கும் எடுத்துக்கொள், மூடிய பிறகு ஒன்று வேண்டுமென்றால் ஒன்றை வெளியே எடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மயில் வெளியே போனது. கோணல் ஜிமிக்கி உள்ளே இருக்கிறது.

சலித்தாயிற்று. கழித்ததை எங்கே கொண்டுபோவது? அள்ளிப் போடுவது அரை நாள் வேலை, அனுப்பி வைப்பதுதான் ஒரு வாரம் தின்றது.

பழைய பேப்பர் கடைக்காரர் உலர்ந்த வெள்ளைத் தாளையும் நாளிதழையும் எடுத்துக்கொண்டார். கல்யாணப் பத்திரிகைகளைப் புரட்டிப் பார்த்து, பளபளப்பு இருப்பதையெல்லாம் என் பக்கமே தள்ளினார். பிளாஸ்டிக் ஏடு ஒட்டிய அட்டை, ஜிகினா, மெழுகுத்தாள் எதுவும் மில்லில் கூழாகாது. தள்ளிய குவியலைப் பார்த்தபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக்கை ஒழிக்கிறோம் என்று பெருமை பேசிச் சேர்ந்த தொழிலில், பதினைந்து வருடமாக நான் சாக்குக் கணக்கில் பிளாஸ்டிக் சேர்த்திருக்கிறேன். மினுக்குத் தூள் இருக்கிறதே, அதுவும் பொடியாக வெட்டிய பிளாஸ்டிக்தான். போகிக்குக் கொளுத்திவிடு என்றார்கள் பக்கத்து வீட்டில். அந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குத்தான் போகும். ஓடைப்பக்கம் கொட்டினால் யானையும் மானும் வாய் வைக்கும். உலர்ந்த குப்பையாகக் கட்டி ஊராட்சி வண்டியில் ஏற்றினேன். அன்றிலிருந்து மினுக்குச் சாமான் வாங்குவதில்லை.

நல்ல நிலையில் மிஞ்சியதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பது என்று மூன்று மூட்டை கட்டிப் போனேன். அங்கிருந்த டீச்சர் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தன்மையாகச் சொன்னார்: "அக்கா, முப்பது பிள்ளைங்க. இதுல ஒரே கலர் நாலு தாள்கூட இல்லையே. யாருக்குக் கொடுத்து யாரை அழவிட?" மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். ஒரு ராத்திரி உட்கார்ந்து, ஒரு பிள்ளைக்கு ஐந்து நாடா, ஓர் அட்டை, ஒரு சின்னப் பசை டப்பா என்று முப்பது உறை போட்டேன். கத்தரிக்கோல் பத்து, மூன்று பேருக்கு ஒன்று. மறுநாள் டீச்சர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். நம் வீட்டை ஒழிக்கிற அவசரத்தில் அடுத்தவர் அலமாரியை நிரப்புவது தானம் ஆகாது.

பூஞ்சணம் மேலோட்டமாகப் பட்ட வெறும் தாள்களை அம்மா எடுத்துக்கொண்டாள். வெயிலில் நன்றாகக் காயவைத்துத் தட்டினாள். மூக்கில் துணி கட்டிக்கொள் என்று எனக்கும் ஒன்று கொடுத்தாள். கிழித்து இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டினாள். வெந்தயத்தின் வழவழப்பு கூழைப் பிடித்துக்கொள்ளும், கசப்புக்குப் பூச்சி வராது. கண் விட்டுப்போன இரண்டு முறங்களையும் ஒரு மூங்கில் கூடையையும் அந்தக் கூழால் மெழுகினாள். மிச்சத்தைக் கவிழ்த்த சட்டியின் மேல் அப்பி ஒரு கிண்ணம் செய்தாள். பாட்டி இலங்கைத் தோட்டத்தில் செய்தது என்றாள். பேப்பர் கிராஃப்ட் என்று நான் காசு கட்டிக் கற்றதற்கு இரண்டு தலைமுறை முன்னாலேயே வீட்டில் இருந்த வேலை.

கடைசி நாள், மூலையில் இருந்த பாட்டியின் தேயிலைப் பெட்டியைத் திறந்தோம். ஒட்டுப்பலகையில் செய்து, ஓரத்துக்குத் தகரம் அடித்து, உள்ளே தகடு ஒட்டிய பழைய மாதிரிப் பெட்டி. அதன் கதை இந்த ஊரின் கதைதான். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் இருந்த நாடற்ற தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். ஒப்பந்தப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கி, 1976-இல் டேன்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. சேரங்கோடு, சேரம்பாடி, கொளப்பள்ளி எல்லாம் அப்படி நிறைந்த ஊர்கள். 1974-இல் பாட்டி, பதினொரு வயது அம்மாவோடு தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து இந்த மலைக்கு வந்தார். கையோடு வந்தது இந்தப் பெட்டி.

நான் பொருளை விட முடியாமல் சேர்த்ததற்கு ஒருவேளை இதுவும் காரணமோ என்று பல நாள் நினைத்ததுண்டு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களின் பேத்திக்கு எதையும் விட மனசு வராது என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். பெட்டியைத் திறந்ததும் அந்த நியாயம் போயிற்று. உள்ளே பாட்டி சேர்த்தது ரொம்பக் கொஞ்சம். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, முகாமில் தந்த தாள்கள், தாத்தாவின் ஒரு போட்டோ, மடித்த சேலை ஒன்று. தாள்களை உதறினேன். சடசடத்தன. எத்தனையோ ஆனி ஆடி மழை பார்த்தும் ஒரு புள்ளிக் கறை இல்லை. தகடும் இறுக்கமான மூடியும் காப்பாற்றியிருக்கின்றன. வேண்டியது மட்டும் இருந்ததால்தான் மூடி இறுக்கமாக மூடியது.

அம்மா அந்தத் தாள்களைத் தன் டிரங்குப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, காலிப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். "இதுல எவ்வளவு கொள்ளுமோ, அவ்வளவுதான் உன் கடை."

இன்று என் கடை அதுதான். ஆர்டர் வந்த பிறகே தாள் வாங்குகிறேன். மழை தொடங்குமுன் பெட்டியைக் காலியாக்கிவிடப் பார்க்கிறேன். ஜூலையில் ஜிமிக்கி ஆர்டர் கேட்டால், செப்டம்பருக்கு மேல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். வருமானம் குறையவில்லை, தேடுகிற நேரம் மிச்சம். உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அறையோ ஓர் அலமாரியோ இருந்தால், மழைக்கு முன்னால் ஒரு தாளை எடுத்து உதறிப் பாருங்கள். அது சத்தம் போட்டால் இந்த மாதமே அதில் ஏதாவது செய்துவிடுங்கள்.

இப்போது பெட்டியில் பிரவுன் பேப்பர் இரண்டு குயர், ஐந்து நிறத்தில் நாடா, மூன்று கத்தரிக்கோல், இரண்டு பஞ்ச், ஓர் ஊசி இருக்கின்றன. பச்சை நாடா தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.